ரெய்கிக்குப் போய் நன்றாகத் தூங்கினேன், மாத்திரையை நிறுத்தலாமா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: "வயது 43. ஆறு வருடமாகத் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வருடமாகத் தூக்கம் சரியில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை புரண்டுகொண்டிருப்பேன். அலுவலகத் தோழி ரெய்கிக்கு அழைத்துப் போனார். ஒரு மணி நேரம் படுத்திருந்தேன், அன்றிரவு அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். இப்போது முதல் நிலை வகுப்பில் சேரச் சொல்கிறார்கள், போகப்போக மாத்திரையை விட்டுவிடலாமாம். மாமியாரோ இது வேறு மதத்துச் சமாச்சாரம், வேண்டாம் என்கிறார். ரெய்கி என்றால் என்ன? உண்மையிலேயே வேலை செய்கிறதா?"

மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதையெல்லாம் சாவகாசமாகப் பேசலாம்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தைராய்டு சரியாகச் சுரக்காதவர்களுக்குக் கொடுக்கும் தைராக்சின், உடம்பை விட்டு மெதுவாகப் போகிற மருந்து. ரத்தத்தில் இருப்பதில் பாதி குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வாரமும் பெரிதாகத் தெரியாது. அந்த இடைவெளியில் நீங்கள் நாலு தடவை ரெய்கிக்குப் போயிருப்பீர்கள். "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்பார்கள். உங்களுக்கும் அப்படித்தான் படும். அப்புறம்தான் அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுவது, முகம் ஊதுவது என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். எது எதனால் வந்தது என்ற கணக்கு அதற்குள் குழம்பிப்போயிருக்கும். வேலை செய்யாத தைராய்டுச் சுரப்பியை ரெய்கி வேலை செய்ய வைக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

சரி, இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். நான் பிசியோதெரபிஸ்ட். இருபது வருடத்துக்கும் மேலாக இடுப்புவலி, தோள்பட்டை, பக்கவாதம் என்று பார்த்துவருகிறேன். நடுவில் ஆர்வத்தில் ரெய்கியில் இரண்டு நிலை முடித்தேன். இன்றைக்கும் படுக்கப்போகும்முன் எனக்கு நானே செய்துகொள்வதுண்டு. காசு வாங்கிக்கொண்டு யாருக்கும் செய்ததில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உங்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் போய்வந்துவிட்டீர்கள், ஆனாலும் போகாதவர்களும் இதைப் படிப்பார்கள். ரெய்கி என்பது ஜப்பானில் தோன்றிய, கைவைத்துச் செய்யும் சிகிச்சை முறை. அதற்கு உடை மாற்ற வேண்டியதில்லை. எண்ணெய் கிடையாது, அமுக்குவது, நீவுவது, சொடுக்கெடுப்பது எதுவும் கிடையாது. மசாஜ் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு முதல் தடவை ஏமாற்றமாகத்தான் இருக்கும். உயரமான மெத்தைக் கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். செய்பவர் தலைமாட்டில் உட்கார்ந்து கண்களுக்கு மேல் உள்ளங்கைகளை லேசாகப் பதிப்பார், அல்லது தொடாமல் ஓர் அங்குலம் மேலே நிறுத்துவார். மூன்று முதல் ஐந்து நிமிடம் அப்படியே இருப்பார். பிறகு நெற்றிப்பொட்டு, பின்னந்தலை, கழுத்து, மார்பின் மேல்பகுதி, வயிறு, அடிவயிறு, முழங்கால், பாதம். அப்புறம் குப்புறப் படுத்தால் முதுகு. பன்னிரண்டு இடம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, இடத்துக்கு இடம் மாறும். எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, மெதுவாக எழுந்திருங்கள் என்பார்கள்.

அந்த நேரத்தில் சூடு தெரியும், சிலருக்குக் குறுகுறுப்பு, சிலருக்கு மூடிய கண்ணுக்குள் நிறங்கள். வயிறு கடமுடவென்று சத்தம் போடும். காரணம் தெரியாமல் அழுகிறவர்களும் உண்டு. இதில் மர்மம் என்று பெரிதாக இல்லை. இப்போதே உங்கள் உள்ளங்கையைத் தொடைமேல் வைத்து ஐந்து நிமிடம் அசைக்காமல் இருந்து பாருங்கள், துணிக்கும் கைக்கும் நடுவில் சூடு தேங்குவது தெரியும். வயிற்றுச் சத்தம் உடம்பு ஓய்வு நிலைக்குப் போனதன் அடையாளம். பதற்றத்தில் இருக்கும்போது உடம்பு செரிமானத்தை ஒத்திப்போடும், தளர்ந்தவுடன் விட்ட வேலையை எடுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பும் மூச்சும் மெதுவாகும். ஹார்வர்டில் இருந்த இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970களில் இந்த நிலைக்குத் 'தளர்வு எதிர்வினை' என்று பெயர் வைத்தார். தியானம், ஜபம், நிதானமான மூச்சு என்று எந்த வழியில் போனாலும் உடம்பு போய்ச் சேருவது அந்த ஒரே இடத்துக்குத்தான் என்பது அவருடைய வாதம். ரெய்கியும் அங்கே போகும் வழிகளில் ஒன்று என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ரெய்கி செய்கிறவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள். அவர்கள் கணக்குப்படி பிரபஞ்ச உயிராற்றல் ஒன்று இருக்கிறது, அது செய்பவரின் கைவழியாக உங்களுக்குள் பாய்ந்து அடைப்பை நீக்குகிறது. 'ரெய்' என்றால் ஆவி, தெய்விகம், புலப்படாதது என்றெல்லாம் பொருள். 'கி' என்பது சீனர்கள் 'ச்சி' என்பதும், நாம் பிராணன் என்பதற்குப் பக்கத்தில் வருவதும். ஜப்பானில் 'கி' அன்றாடப் புழக்கத்தில் ஊறிய சொல். நலமா என்று கேட்க 'கெங்கி' என்ற சொல் வரும், வானிலைக்கு 'தெங்கி', நோய்க்கு 'ப்யோகி'. எல்லாவற்றிலும் அதே 'கி' இருக்கிறது. பேச்சு வழக்கில் இவ்வளவு கலந்திருப்பதால் அது எந்தக் கருவியிலாவது அளக்கக் கிடைத்திருக்கிறதா என்றால், இல்லை. இன்றுவரை இல்லை.

இதன் வரலாற்றை வகுப்பில் ஒரு மாதிரியும் வெளியில் வேறு மாதிரியும் கேட்பீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எனக்கு ரெய்கியில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

மிக்காவோ உசுயி 1865-ல் ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தொழிலில் பலமுறை அடிபட்டவர் என்பதை அவருடைய நினைவுக்கல்லே மறைக்காமல் சொல்கிறது. 1922-ல் கியோட்டோவுக்கு வடக்கே உள்ள குராமா மலையில் 21 நாள் உபவாசம் இருந்தார், முடிவில் தலைக்கு மேல் ஒரு பெரும் ரெய்கியை உணர்ந்தார் என்பது கதை. அதே வருடம் டோக்கியோவில் ஒரு சங்கம் தொடங்கினார். அடுத்த வருடம், 1923 செப்டம்பர் 1 அன்று, காந்தோ நிலநடுக்கம் வந்தது. டோக்கியோவும் யோகோஹாமாவும் எரிந்தன, லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். உசுயி நகரம் முழுக்க அலைந்து காயம்பட்டவர்களுக்குக் கைவைத்தார் என்று அந்தக் கல்லில் பொறித்திருக்கிறது. 1926-ல் பயிற்சி கொடுக்கப் போன ஃபுக்குயாமா என்ற ஊரில் இறந்தார். டோக்கியோவின் சுகினாமி பகுதியில் சைஹோஜி என்ற பௌத்தக் கோயிலின் மயானத்தில், 1927-ல் மாணவர்கள் வைத்த அந்தக் கல் இன்றும் நிற்கிறது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அவரிடம் கற்றதாக அது சொல்கிறது.

அந்தக் காலத்து ஜப்பானில் உசுயி தனி ஆளாக இல்லை. கைவைத்துக் குணப்படுத்துவது, மூச்சால் குணப்படுத்துவது என்று எத்தனையோ பள்ளிகள் இருந்தன. ரெய்கி என்ற சொல்லையே அவருக்கு முன்பும் சிலர் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே 'பல்லாயிரம் வருடத்துத் திபெத்திய ரகசியம்' என்று யாராவது தொடங்கினால் நீங்கள் கொஞ்சம் உஷாராகிவிடலாம். ரெய்கிக்கு வயது நூறு வருடமும் சொச்சமும்தான்.

உசுயியின் மாணவர்களில் கடற்படைக்காரர்கள் பலர். அவர்களில் ஒருவர் சுஜிரோ ஹயாஷி. டோக்கியோவில் கட்டில்கள் போட்டு ஒரு சிகிச்சை நிலையமே நடத்தினார். நீங்கள் படுத்திருந்தபோது தலையிலிருந்து கால்வரை வரிசையாகக் கைவைத்தார்களே, அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியதில் அவர் பங்கு பெரிது. 1935-ல் அங்கே வந்து சேர்ந்தார் ஹவாயோ டகாட்டா. ஹவாய்த் தீவில் ஜப்பானியக் குடியேறிகளுக்குப் பிறந்தவர், கணவரை இழந்தவர், இரண்டு பெண் குழந்தைகளின் தாய். உடம்பு முடியாமல் ஜப்பானுக்கு வந்தவர், குணமானதும் அதைத் தானே கற்றுக்கொண்டு 1937-ல் ஊர் திரும்பினார். இன்றைக்கு உலகத்தில் உள்ள ரெய்கியில் பெரும்பகுதி இந்த ஒரு பெண்மணி வழியாக வந்ததுதான்.

கதை திரிந்ததும் அங்கேதான். உசுயி ஒரு கிறிஸ்தவ அறிஞர், கியோட்டோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று டகாட்டா சொல்லிவந்தார். பிற்காலத்தில் தேடிப் போனவர்களுக்கு இரண்டு இடத்திலும் அவர் பெயர் கிடைக்கவில்லை. ஜப்பான் முத்துத் துறைமுகத்தை (பேர்ல் ஹார்பர்) தாக்கிய பிறகு அமெரிக்க மண்ணில் ஒரு ஜப்பானிய பௌத்தர் கண்டுபிடித்த சிகிச்சை என்று சொன்னால் யார் பக்கத்தில் வருவார்கள்? அதனால்தான் கிறிஸ்தவப் பூச்சு ஏறியது என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம் வரவில்லை. ஆனால் என்னுடைய வகுப்பில், 2000க்குப் பிறகும், அச்சடித்த தாளில் அதே சிகாகோ கதையைக் கொடுத்தார்கள். கேட்டதற்கு, சந்தேகம் வந்தால் ஆற்றல் பாயாது என்று பதில் வந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1970களில் டகாட்டா ஆசிரியர் நிலைக்கு வாங்கிய கட்டணம் 10,000 டாலர். அவர் 1980-ல் இறக்கும்போது அப்படி 22 ஆசிரியர்களை உருவாக்கியிருந்தார். அதன்பின் கட்டணம் சரிந்தது, ஆசிரியர்கள் பெருகினார்கள். இப்போது ஒரு சனி ஞாயிறில் 'மாஸ்டர்' ஆகிவிடலாம். ஜப்பானில் போருக்குப் பிறகு ஏறக்குறைய மறைந்துபோயிருந்த ரெய்கி, 1980களில் மேற்கிலிருந்து திரும்பிப் போய்த்தான் அங்கே மறுபடி பரவியது.

இப்போது நீங்கள் நேராகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வேலை செய்கிறதா?

வலி, பதற்றம், தூக்கம் இவையெல்லாம் தானாகவே ஏறி இறங்குபவை. மோசமான நாளில்தான் நாம் உதவி தேடிப் போவோம். போனபின் இறங்கினால் போன இடத்துக்குப் பெயர் கிடைத்துவிடும். அதனால் ஆராய்ச்சியில் 'போலி ரெய்கி' ஒன்று வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தீட்சையும் பயிற்சியும் இல்லாத ஒருவர் அதே மாதிரி கைவைப்பார், படுத்திருப்பவருக்கு எது அசல் எது போலி என்று தெரியாது. 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 100 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு உண்மையான ரெய்கி மாஸ்டர், சிலருக்கு நடிகர்கள். எட்டு வாரம், வாரம் இரண்டு முறை. எந்தக் குழுவுக்கும் வலி குறையவில்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ரெய்கி உதவுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்தது. தேறியவை மூன்றுதான், மொத்தம் 124 பேர். அதை வைத்து உதவும் என்றோ உதவாது என்றோ சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் நான் பாதிதான் சொன்னவனாவேன். என் பார்வையை மாற்றிய ஆய்வு 2011-ல் வந்தது. கீமோதெரபி ஏற்றிக்கொள்ளும் 189 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு உண்மையான ரெய்கி, ஒரு பகுதியினருக்குப் போலி, மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ரெய்கி பெற்றவர்கள் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட ஆறுதலாக உணர்ந்தார்கள். போலி ரெய்கி பெற்றவர்களும் அதே அளவுக்கு ஆறுதலாக உணர்ந்தார்கள்! மருந்து சொட்டுச்சொட்டாக ஏறும்போது ஒரு செவிலியர் தனக்கென்றே பக்கத்தில் இருந்ததுதான் வித்தியாசத்தை உண்டாக்கியது என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

ரெய்கிக்காரர்களிடம் சொன்னால் முகம் சுருங்கும், பகுத்தறிவுக்காரர்கள் பாதியை மட்டும் எடுத்துச் சிரிப்பார்கள். எனக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆற்றல் என்ற விளக்கம் நிற்கவில்லை, சரி. ஆறுதல் கிடைத்தது நிஜம். 43 வயதுப் பெண் ஒருவர், வேலை, சமையல், பிள்ளைகளின் பள்ளி, பெரியவர்களின் மருந்து எல்லாவற்றுக்கும் நடுவில் கடைசியாக எப்போது ஒரு மணி நேரம் போன் இல்லாமல், யாரும் கூப்பிடாமல், தன்மேல் மட்டும் ஒருவருடைய கவனம் இருக்க, கண்ணை மூடிப் படுத்திருந்தார்? அன்றிரவு நீங்கள் தூங்கியதில் எனக்கு வியப்பே இல்லை.

கையின் ஆற்றலை உணர முடியும் என்ற கூற்றைச் சோதித்த ஒரு சிறுமியின் கதையும் உண்டு. எமிலி ரோசா. ஒன்பது வயதில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதைச் செய்தாள். ரெய்கியின் உறவு முறையான 'தெரப்யூட்டிக் டச்' செய்யும் 21 பேரை அட்டைத் தடுப்புக்குப் பின்னால் கைகளை நீட்ட வைத்து, தன் கையை அவர்களுடைய எந்தக் கைக்கு மேல் பிடித்திருக்கிறாள் என்று கேட்டாள். 280 முறையில் சரியாகச் சொன்னது 44 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே அது வெளிவந்தது.

மாமியாரின் கவலைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெய்கியில் தெய்வம் கிடையாது, மதம் மாறச் சொல்வதும் கிடையாது. உசுயி காலையும் மாலையும் கைகூப்பிச் சொல்லச் சொன்ன ஐந்து வரிகளும் எந்த வீட்டிலும் சொல்லக்கூடியவை: இன்று மட்டும் கோபப்படாதே, கவலைப்படாதே, நன்றியோடு இரு, உன் வேலையில் ஊக்கமாக இரு, பிறரிடம் அன்பாக இரு. அந்த 'இன்று மட்டும்' எனக்குப் பிடிக்கும். ஆயுசு முழுக்கக் கோபப்படாமல் இருக்க யாரால் முடியும், ராத்திரி வரைக்கும் என்றால் முயற்சி செய்து பார்க்கலாம். அதே நேரம், காணாத ஓர் ஆற்றலின் மேல் உள்ள நம்பிக்கையில்தான் இது நிற்கிறது என்பதும் உண்மை. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 2009-ல் தங்கள் நிறுவனங்களில் ரெய்கி வேண்டாம் என்று அறிவுறுத்தியதும் அதனால்தான். மாமியாருக்குச் சங்கடம் என்றால் பெயரை விட்டுவிடுங்கள். கையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், இதற்கு வகுப்புக் கட்டணம் தேவையில்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கட்டும். போனை அடுத்த அறையில் வையுங்கள், தலைமாட்டில் கவிழ்த்து வைப்பது போதாது. மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை கொடுங்கள், இடுப்பு தரையோடு தளரும். இது ரெய்கிப் பாடத்தில் இல்லை, என் தொழில் சொல்லிக்கொடுத்தது. உள்ளங்கைகளைக் கொஞ்சம் குவித்துக் கண்களின் மேல் வையுங்கள், விழியை அழுத்தக் கூடாது. இருபது மூச்சு. பிறகு ஒரு கை மார்பில், ஒரு கை தொப்புளுக்கு மேல். இங்கேயும் இருபது மூச்சு, வெளிமூச்சு உள்மூச்சைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். அப்புறம் இரண்டு கையும் அடிவயிற்றில். கை வலித்தால் பக்கத்தில் தலையணை வைத்து முழங்கையைத் தாங்குங்கள். எதையும் கற்பனை செய்ய வேண்டாம், கைக்குக் கீழே துணி, சூடு, ஏறி இறங்கும் வயிறு, அவ்வளவுதான். நினைப்பு எங்காவது ஓடினால் கைக்குத் திரும்புங்கள். பதினைந்து நிமிடம் போதும். நடுவில் தூங்கிவிட்டால் கெட்டுப்போயிற்று என்று நினைக்காதீர்கள், அதற்குத்தானே படுத்தோம். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தாலும் கடிகாரத்தைப் பார்க்காமல் இதையே செய்யலாம்.

வகுப்பில் இதற்கு மேல் என்ன கிடைக்கும்? தீட்சை. ஆசிரியர் உங்கள் தலைக்கும் கைக்கும் மேல் சில செய்கைகள் செய்து உங்களை ஆற்றலோடு 'இணைத்துவிடுவார்'. இரண்டாம் நிலையில் சில சின்னங்களும், தொலைவில் இருப்பவருக்கு அனுப்பும் முறையும். மூன்றாவது, ஆசிரியராக. எனக்கு முதல் நிலை வகுப்பில் உண்மையாகப் பயன்பட்டது பத்துப் பேரோடு மாறிமாறிக் கைவைத்துப் பழகியதுதான். அன்னியர் ஒருவர் எதையும் எதிர்பார்க்காமல் ஒரு மணி நேரம் நம்மைக் கவனிப்பதும், நாம் திருப்பிச் செய்வதும் நம் வாழ்க்கையில் அபூர்வம். தீட்சையின்போது கண்மூடி உட்கார்ந்திருந்தேன், கால் மரத்துப்போனது.

சேருவதா என்றால், கட்டணம் உங்களுக்குச் சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் செலவழிக்கிற மாதிரித் தொகை, போனால் போகட்டும் என்று விடக்கூடியது என்றால் சேருங்கள். கடன் வாங்கியோ நகையை வைத்தோ என்றால் வேண்டாம். ரெய்கி ஆசிரியர்களுக்கு அரசு உரிமமோ பொதுவான தேர்வோ இல்லை. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் சித்தா, ஆயுர்வேதம், யோகா எல்லாம் வருவதுபோல் ரெய்கி ஒரு மருத்துவ முறையாக வருவதும் இல்லை. சுவரில் தொங்கும் சான்றிதழ் அவர்களே அச்சடித்தது.

எனக்கு உங்கள் கேள்வியில் பயம் கொடுத்தது அந்த மாத்திரைப் பேச்சுதான். நல்ல ரெய்கிக்காரர்களை எனக்குத் தெரியும், அவர்கள் முதல் நாளே 'டாக்டர் கொடுத்ததை நிறுத்தாதீர்கள்' என்று சொல்லிவிட்டுத்தான் கைவைப்பார்கள். நிறுத்தச் சொல்கிறவர் எத்தனை அன்பாகப் பேசினாலும் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவரிடம் இதே பேச்சைப் பேசினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. சர்க்கரை, புற்றுநோய், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். இன்னொரு சொல்லும் காதில் விழுந்தால் கவனியுங்கள்: தலைவலியோ காய்ச்சலோ படபடப்போ வந்தால் 'கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி' என்பார்கள். உடம்பு மோசமாவதையே முன்னேற்றம் என்று பெயர் மாற்றிவிட்டால், டாக்டரிடம் ஓட வேண்டிய நேரம் கடந்துபோகும். தொடுவது பிடிக்கவில்லை என்றால் தொடாமல் செய்யச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. மார்பிலும் அடிவயிற்றிலும் கையை மேலே நிறுத்திச் செய்வதே மரியாதை, கேட்காமல் வைக்கிறவரிடம் இரண்டாவது தடவை போகாதீர்கள்.

கடைசியாக, உங்கள் தூக்கம். ரெய்கி பற்றிக் கேட்டீர்கள், ஆனால் இரண்டு வருடத் தூக்கக் கேட்டுக்குக் காரணம் தேடாமல் விடுவது சரியாகப் படவில்லை. தைராய்டு மாத்திரையின் அளவு கொஞ்சம் கூடிப்போனாலே படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அந்த அளவு சரியா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள்? அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய வருடங்களும் இந்த வயதில்தான் தொடங்கும், நடு இரவில் வியர்த்து விழிப்பது அதன் வேலையாக இருக்கலாம். குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் தூக்கம் வரவில்லை என்றால், நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது சிபிடி-ஐ என்ற பேச்சு, பழக்கமாற்றச் சிகிச்சை. தூக்க மாத்திரைகூட அதற்குப் பிறகுதான். மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ கேட்டால் சொல்வார்கள். இது நடக்கிறபோதே மாதம் ஒரு முறை அந்த ரெய்கிக் கட்டிலில் போய்ப் படுத்துவிட்டு வாருங்கள். டாக்டரிடம் போகும்போது அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும், டிஎஸ்எச் சீட்டை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.